துபாய் வேலை: ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட், இனிஷியல் போட்ட டிகிரி. எதை முதலில் சரிசெய்வது?

பொதிகைச்சாரல்

எல்லாருக்கும் வணக்கம். ஊர் தென்காசி பக்கம். துபாயில் கட்டுமானப் பொருள் விற்கிற ஒரு கம்பெனியில் கணக்காளர் வேலைக்கு ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. விசா, டிக்கெட் அவர்கள் பொறுப்பு. டிகிரியை அட்டஸ்டேஷன் (அரசு அலுவலகங்களில் சான்றொப்பம்) முடித்து ஸ்கேன் அனுப்பச் சொல்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், பாஸ்போர்ட்டில் கிவன் நேம் கட்டத்தில் ‘முத்துக்குமார்’ என்று மட்டும் இருக்கிறது. சர்நேம் கட்டம் காலி. பி.காம். பட்டத்தில் ‘முத்துக்குமார் ச’. ஆதாரில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். கல்யாணம் பண்பொழி திருமலைக்கோவிலில் நடந்தது, கோவில் ரசீது மட்டும் இருக்கிறது, இன்னும் பதியவில்லை. வீட்டில் மாசமாக இருக்கிறாள். நான் முதலில் போய், பிறகு அவளையும் பிள்ளையையும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று திட்டம்.

இங்கே டவுனில் ஒரு ஏஜென்ட், “பேர் அப்படியே இருக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன், மொத்தமா 45,000 குடுங்க” என்கிறார். கொடுக்கலாமா? இல்லை, பாஸ்போர்ட்டை மாற்றிவிட்டு ஆரம்பிக்கலாமா?

தேராதுபாய்

தம்பி, வாழ்த்துகள். ஏஜென்ட் கையில் எதையும் கொடுக்காதீங்க, முக்கியமா ஒரிஜினல் டிகிரியை.

பாஸ்போர்ட்தான் முதல். விசா, லேபர் காண்ட்ராக்ட், எமிரேட்ஸ் ஐடி, பேங்க் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ் எல்லாமே பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளும். விசா அடிச்ச பிறகு பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றினால் இந்த வரிசை முழுவதையும் திரும்ப மாற்றணும், ஒவ்வொன்றுக்கும் கட்டணம். இப்போ ஊரில் இருக்கும்போது செய்தால் பெரியவங்க 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். தட்கல் என்றால் இன்னும் 2,000. அவ்வளவுதான்.

கம்பெனி எச்.ஆர்-இடம் இன்றைக்கே ஒரு மெயில் போடுங்க: பாஸ்போர்ட் ரீ-இஷ்யூ ஆகிறது, புது நம்பர் வந்ததும் தருகிறேன், அதுவரை என்ட்ரி பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டாம் என்று. இதைச் சொல்லாமல் விட்டால் அவன் பழைய நம்பரில் விசாவை எடுத்துவிடுவான்.

சந்தேகசாமி

அண்ணாச்சி கொஞ்சம் பயமுறுத்துகிறார் என்று நினைக்கிறேன். நான் ஒத்தைப் பேர் பாஸ்போர்ட்டோடதான் அபுதாபியில் வேலை பார்த்தேன், பிறகு மஸ்கட். எந்தக் கவுன்டரிலும் ஒருத்தன் கேட்டதில்லை. டிக்கெட்டில் மட்டும் ஒரே பெயர் ரெண்டு தடவை வரும், சிரிப்பா இருக்கும். சர்நேம் என்பதே நம்ம ஊரில் கிடையாது. அப்பன் பேரைக் குடும்பப் பேரா போட்டு, பிள்ளைக்கு வேற குடும்பப் பேர், பொண்டாட்டிக்கு வேற குடும்பப் பேர். இதை ஏன் நாமே இழுத்து வைக்கணும்?

தேராதுபாய்

சாமி, நீங்க போனது 2022-க்கு முந்தி. அந்த வருஷம் நவம்பர் 21 முதல் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா, டூரிஸ்ட் விசா கிடையாதுன்னு அமீரகம் சொல்லி, ஏர்லைன்ஸ் எல்லாம் சுற்றறிக்கை விட்டது. விமான நிலையத்தில் ஏற விடாமல் திருப்பினாங்க. அப்புறம், கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏத்துக்கலாம்னு ஒரு தளர்வு வந்தது. ரெசிடென்ட் விசா, வேலை விசாக்காரங்களுக்கு முதலிலிருந்தே இந்தத் தடை வேறு மாதிரி. அதனால தம்பி வேலை விசாவில் போக முடியாதுன்னு நான் சொல்லல.

ஆனா அவர் வீட்டம்மா, பெத்தவங்க நாளைக்கு விசிட்டில் வருவாங்க. கவுன்டரில் இருக்கிற பையன் எந்தச் சுற்றறிக்கையைப் படிச்சிருக்கான்னு நம்மால சொல்ல முடியுமா? 1,500 ரூபாய்க்கு இந்த வம்பு தேவையில்லை.

சர்நேம் நம்ம வழக்கம் இல்லைன்னு சொல்றது நூத்துக்கு நூறு சரி. அதை அவங்க கம்ப்யூட்டருக்குப் புரியவைக்க முடியாது.

டிராவல்ஸ்கடை

ராமநாதபுரம் ஜில்லாவில் டிக்கெட், பாஸ்போர்ட் விண்ணப்ப வேலைதான் செய்கிறேன், அதனால் தொழில் ரீதியாக ரெண்டு விஷயம்.

பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரிச்சுத்தான் எழுதணும். ‘ச’ என்பது சண்முகவேல் என்றால், கிவன் நேம் முத்துக்குமார், சர்நேம் சண்முகவேல். இதையே இந்தப் பக்கத்தில் பெரும்பாலானவர்களுக்குப் போடுகிறோம். இனிஷியலை விரிப்பது ஒரு வகை, பெயரையே மாற்றுவது வேறொரு வகை. ரெண்டாவதுக்குத்தான் அரசிதழ், பத்திரிகை விளம்பரம் என்று போகும். பாஸ்போர்ட் சேவா தளத்தில் ‘டாக்குமென்ட் அட்வைசர்’ என்று ஒரு பகுதி உண்டு. உங்கள் விவரத்தைக் கொடுத்தால் எந்த எந்தக் காகிதம் வேண்டும் என்று அதுவே சொல்லும். அதைப் பார்க்காமல் கிளம்பாதீங்க. தென்காசி என்றால் உங்களுக்கு மதுரை மண்டல அலுவலகம், திருநெல்வேலி சேவா கேந்திராவிலேயே அப்பாயின்ட்மென்ட் எடுக்கலாம்.

போவதற்கு முன்னால் ஆதாரைச் சரிசெய்யுங்கள். ஆதாரில் ‘ச முத்துக்குமார்’ என்றிருந்தால் கவுன்டரில் ஒரு கேள்வி நிச்சயம். ஆதாரில் ‘முத்துக்குமார் சண்முகவேல்’ என்று வந்துவிட்டால், பான் ஏற்கெனவே அப்படி இருப்பதால், பாதி வேலை முடிந்தது. அப்பா பெயரின் ஸ்பெல்லிங் அவருடைய ஆதாரிலும் உங்கள் பானிலும் ஒன்றா என்று ஒரு தடவை பாருங்கள். ‘வேல்’ என்பதை ஒருவர் வி-யில் எழுதுவார், இன்னொருவர் டபிள்யு-வில் எழுதுவார்.

ஏஜென்டின் 45,000 பற்றி: அட்டஸ்டேஷனுக்கு சர்வீஸ் சார்ஜ் வாங்குவது தப்பில்லை. நாங்களும் வாங்குகிறோம். மொத்தமாக ஒரு தொகை சொல்லி, எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டாதவரிடம் கொடுக்காதீர்கள்.

பொதிகைச்சாரல்

ரொம்ப நன்றி அண்ணாச்சி, டிராவல்ஸ் அண்ணன். அப்படியானால் டிகிரியில் ‘முத்துக்குமார் ச’ என்று இருப்பதையும் மாற்றணுமா? அந்தச் சான்றிதழை பல்கலைக்கழகம் திருத்தித் தருமா?

இன்னொன்று. டிகிரியை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். பரவாயில்லையா?

டிராவல்ஸ்கடை

பரவாயில்லைனு சொல்ல ஆசைதான்.

முத்திரையும் ஸ்டிக்கரும் ஒரிஜினல் சான்றிதழின் பின்பக்கத்தில் ஒட்டுவார்கள். பிளாஸ்டிக் மேல் ஒட்ட மாட்டார்கள். நம்ம ஊரில் டிகிரி வாங்கின அன்னைக்கே ஜெராக்ஸ் கடைக்கு ஓடி லேமினேட் பண்ணுகிறோம், கல்யாணப் போட்டோ மாதிரி. பிரிக்கும் கடைகள் சென்னையில் உண்டு. மை உரிந்துவிட்டால் கதை கந்தல். பட்டம் நல்ல தாளாக இருந்து, லேமினேஷனும் பழையதாக இல்லாவிட்டால் பிரிக்க வரும். சந்தேகமாக இருந்தால் பல்கலைக்கழகத்தில் டூப்ளிகேட் கேட்டு விண்ணப்பிப்பதே நல்லது. வீட்டில் சூடு காட்டிப் பிரிக்கிறேன் என்று இஸ்திரிப் பெட்டியை எடுத்துவிடாதீர்கள்.

இனிஷியலுக்காகப் பட்டத்தை மாற்ற வேண்டாம். ‘ச’ என்பது சண்முகவேலின் முதல் எழுத்து என்பது அப்பா பெயரைப் பார்த்தாலே தெரியும். கம்பெனி கேட்டால், ரெண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் ஒரு அஃபிடவிட் போதும். முத்துக்குமார் என்பதில் ‘டி’-க்கு அடுத்து ‘ஹெச்’ இருக்கிறதா இல்லையா, அது பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்பதைத்தான் உற்றுப் பார்க்கணும்.

மண்வெட்டி

அட்டஸ்டேஷன்னா என்ன, அப்போஸ்டில்னா என்னன்னு யாராச்சும் சொல்லுங்க. என் மச்சானுக்கு ஒருத்தர் அப்போஸ்டில் பண்ணித் தாரேன்னு துபாய்க்குக் காசு வாங்கியிருக்கார்.

தேராதுபாய்

உங்க மச்சானை உடனே நிறுத்தச் சொல்லுங்க. அப்போஸ்டில் என்பது, ஒருத்தர் நாட்டுச் சான்றிதழை இன்னொருத்தர் ஏத்துக்கிறதுக்கான ஹேக் ஒப்பந்தத்தில் இருக்கும் நாடுகளுக்கு மட்டும் செல்லும் ஒற்றை முத்திரை. இந்தியா அதில் 2005-இல் சேர்ந்தது. சவுதி, ஓமன், பஹ்ரைன் எல்லாம் இருக்கு. அமீரகம் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. அதனால அமீரகத்துக்கு நீளமான வழிதான்: மாநில அரசு, டெல்லி வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், கடைசியா இங்கே அமீரக வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. ஒன்று விட்டுப்போனாலும் அடுத்தவன் தொட மாட்டான்.

தமிழ்நாட்டில் முதல் படிதான் நேரம் எடுக்கும். பட்டம் போலி இல்லைன்னு பல்கலைக்கழகத்திலிருந்து உண்மைத்தன்மைச் சான்றிதழ் வரணும், தம்பி விஷயத்தில் அது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமாகத்தான் இருக்கும். அதுக்குப் பிறகு கோட்டையில் உயர்கல்வித் துறை. வெளியுறவு அமைச்சகம் சாதாரண அட்டஸ்டேஷனுக்குக் கட்டணம் வாங்குவதில்லை, அப்போஸ்டிலுக்கு 50 ரூபாய். ஆனா நேரா வாங்க மாட்டாங்க, அங்கீகரித்த நிறுவனங்கள் வழியாத்தான் கொடுக்கணும். அவங்களுக்குக் கூலி உண்டு. தூதரகக் கட்டணம்தான் இதில் கனமானது.

பொதிகைச்சாரல்

ஆமாம் அண்ணாச்சி, அதே பல்கலைக்கழகம்தான். ஊரைச் சொன்னதும் கண்டுபிடித்துவிட்டீர்கள்!

மீனாட்சி ஷார்ஜா

தம்பி, எல்லாரும் உங்க டிகிரியையே பேசிட்டு இருக்காங்க. உங்க வீட்டம்மா காகிதத்தை யாரும் கேக்கல. அங்கதான் ஆறு மாசம் போகும், நான் பார்த்திருக்கேன்.

முதல்ல கல்யாணத்தைப் பதியணும். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி 90 நாளுக்குள்ள பதியணும், கூடுதல் கட்டணத்தோட இன்னொரு 60 நாள். அது தாண்டிட்டாலும் இந்து திருமணச் சட்டத்தின் கீழ சார்பதிவாளர் ஆபீஸ்ல பதியலாம். கோவில் ரசீது, அழைப்பிதழ், ரெண்டு பேர் வயது, முகவரிச் சான்று, போட்டோ, சாட்சிகள். அழைப்பிதழ் ஒண்ணு ரெண்டு பத்திரமா இருக்கான்னு பாருங்க, நம்ம வீடுகள்ல எல்லாத்தையும் ஊருக்குக் குடுத்துட்டு நம்ம கையில ஒண்ணும் இருக்காது.

ஆனா அவசரப்பட்டு நாளைக்கே போய்ப் பதியாதீங்க. உங்க பாஸ்போர்ட் புதுப் பெயரோட வந்த பிறகு, அதே எழுத்தை அப்படியே திருமணச் சான்றில் போடச் சொல்லுங்க. இங்க ஃபேமிலி விசாவுக்குக் கேக்குற முதல் காகிதம் அதுதான். அதுல ‘ச. முத்துக்குமார்’னு இருந்து விசாவுல ‘முத்துக்குமார் சண்முகவேல்’னு இருந்தா விசா விண்ணப்பம் அடிக்கிற டைப்பிங் சென்டர்லயே நிறுத்துவான்.

அவங்க இனிஷியலையும் முடிவு பண்ணிக்கோங்க. நம்ம ஊர்ல கல்யாணம் ஆனதும் பொண்ணுக்கு இனிஷியல் மாறும். ஆதார்ல புருஷன் இனிஷியல், பத்தாம் வகுப்புல அப்பா இனிஷியல். பாஸ்போர்ட்டுக்கு அப்பா பெயரையே சர்நேமா வச்சுக்கலாம், மாத்தணும்னு எந்தச் சட்டமும் இல்ல. கடைசிப் பக்கத்தில் கணவர் பெயர் வந்தாப் போதும். அதுக்கும் இப்ப திருமணச் சான்று கட்டாயம் இல்ல, ரெண்டு பேரும் சேர்ந்த போட்டோ ஒட்டி கையெழுத்துப் போடுற அனெக்ஸர் ஜே போதும். ஆனா விசாவுக்குத் திருமணச் சான்று வேணும், அட்டஸ்ட் பண்ணினது. அது வேற, இது வேற.

சந்தேகசாமி

மீனாட்சி அக்கா சொன்ன இந்த வரிசையை ஒத்துக்கொள்கிறேன். என் அண்ணி விஷயத்தில் இதே கூத்துதான்.

பொதிகைச்சாரல்

அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. பிள்ளை பிறந்த பிறகு பிறப்புச் சான்றிதழும் இதே மாதிரி அட்டஸ்ட் பண்ணணுமா? சம்பளம் எவ்வளவு இருந்தால் குடும்பத்தைக் கூப்பிடலாம்?

மீனாட்சி ஷார்ஜா

ஆமா, அதுவும் அதே வழிதான். மாநிலத்தில் மட்டும் துறை வேற. சம்பளம் 4,000 திர்ஹம், இல்லேன்னா 3,000 திர்ஹமும் கம்பெனி வீடும். அது விதி. அந்தச் சம்பளத்தில் ஷார்ஜா வாடகையைக் கொடுத்துட்டு எப்படிச் சாப்பிடுறதுங்கிறது தனி இழை!

ஆஸ்பத்திரியில் பிறப்பைப் பதியும்போது அப்பா, அம்மா பெயரை ரெண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்துல வச்சுக்கிட்டு எழுதிக் குடுங்க. நர்ஸம்மா கேக்குறப்ப வாயால சொல்லாதீங்க. பேறுகால நேரத்தில் யாரோ சித்தி, மாமா சொல்ற பெயர்தான் ரிஜிஸ்டர்ல ஏறும். அப்புறம் பிள்ளை பெயர். பெரும்பாலும் பெயர் இல்லாமத்தான் முதல் சான்றிதழ் வரும். ஒரு வருஷத்துக்குள்ள பெயர் சேர்த்தா இலவசம், அதுக்குப் பிறகு தாமதக் கட்டணம், 15 வருஷம் வரைக்கும்தான் அதுவும். ஜாதகம் பார்த்து எழுத்து முடிவாகட்டும்னு இழுக்காதீங்க. பெயர் ஏறினாத்தான் பிள்ளைக்கு பாஸ்போர்ட். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைங்களுக்குப் பிறந்த தேதிக்கு பிறப்புச் சான்று ஒண்ணைத்தான் ஏத்துப்பாங்க.

மண்வெட்டி

என் மச்சானுக்கு வந்துவிடுகிறேன். பத்தாம் வகுப்பு ஃபெயில். பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவைங்கிற குறிப்பு) இருக்கு. ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேக்குறான். விசிட்ல போயிட்டு அங்க மாத்திக்கலாம்னு சொல்றான். “ஃப்ரீ விசா”ன்னு வேற சொல்றான். நல்லதா?

தேராதுபாய்

ஒன்றரை லட்சத்துக்கு ஃப்ரீயாமா!

மண்வெட்டி, கேளுங்க. ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்காரர் அமீரகம், சவுதி, குவைத், மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனா, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேணும். 1983 குடிபெயர்வுச் சட்டம். சென்னையில் ஆபீஸ் இருக்கு, விண்ணப்பம் இ-மைக்ரேட் தளத்தில். பத்தாவது பாஸ் ஆனவங்களுக்கு இந்தத் தேவை இல்லை, அதனால பொதிகை தம்பிக்கு இது வராது. விசிட்டில் அனுப்புறதே இந்த அனுமதியைத் தட்டிக்கழிக்கத்தான். அங்கே சம்பளம் தராமல் போனால் மச்சான் எந்த ரிஜிஸ்டரிலும் வேலைக்காரரா இருக்க மாட்டார். புகார் எடுத்துட்டுப் போனாலும் அவர் விசிட்டில் வேலை பார்த்த குற்றவாளி.

முறையாப் போனா பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்ஷூரன்ஸும் சேர்ந்து வரும். ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபாயும் வரியும், 10 லட்சம் கவர்.

டிராவல்ஸ்கடை

பதிவு பெற்ற ரெக்ரூட்டிங் ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். 18 சதவீதம் சேர்த்தால் 35,400. அதற்கு மேல் கேட்டால் அவர் பதிவு பெறாதவராக இருக்கலாம், இல்லை பதிவை வைத்துக்கொண்டு ஏய்ப்பவர். பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். எங்கள் கடைக்கு அந்தப் பதிவு கிடையாது, அதனால் நாங்கள் ஆள் அனுப்புவதில்லை. டிராவல்ஸ் என்று போர்டு போட்டிருப்பவரெல்லாம் ஆள் அனுப்பலாம் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது.

மச்சானுக்குத் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கிண்டியில் இருக்கிறது. வேலை உடனே கிடைக்காது, மெதுவாகத்தான் போகும், ஆனால் கொண்டுபோய் விற்க மாட்டார்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்ம பிள்ளைகள் போய், மியான்மர் எல்லையில் மியாவாடிப் பக்கம் மோசடி கூடாரத்தில் மாட்டி, 2022-இல் மீட்டு வந்தது நினைவிருக்கும். அவர்களும் டூரிஸ்ட் விசாவில்தான் போனார்கள்.

சந்தேகசாமி

இதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. விசிட் விசாவில் வேலைக்கு அனுப்பாதே.

பொதிகை, உங்க ஆஃபர் லெட்டர் எப்படி இருக்கிறது? கம்பெனி லெட்டர்ஹெட்டில் மட்டும் வந்ததா, இல்லை அமீரக மனிதவள அமைச்சகத்தின் படிவமா?

பொதிகைச்சாரல்

லெட்டர்ஹெட்டில்தான். பி.டி.எஃப். மெயிலில் வந்தது.

தேராதுபாய்

அது அறிமுகக் கடிதம் மாதிரி. அமைச்சகப் படிவம் வரும், அதில் கையெழுத்து வாங்குவாங்க. சம்பளத்தில் அடிப்படை எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவுன்னு பிரிச்சிருக்கும். நீங்க கடைசியில் வேலையை விடும்போது கிடைக்கிற கிராஜுவிட்டி அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்காகும், அதனால அந்த ஒரு வரியைக் கூர்ந்து பாருங்க. கணக்காளருக்கு நான் சொல்லணுமா! படிவம் தமிழிலும் கிடைக்கும், அரபி, ஆங்கிலத்தோட சேர்த்துக் கேட்டு வாங்கலாம். லெட்டர்ஹெட்டில் உள்ள தொகையும் அதில் உள்ள தொகையும் ஒன்றா இருக்கணும். விசா செலவைச் சம்பளத்தில் பிடிப்போம்னு யாராவது சொன்னா, அமீரகத்தோட 2021-ஆம் வருஷத்து 33-ஆம் எண் தொழிலாளர் சட்டம் அதைத் தடுக்குதுன்னு சொல்லுங்க.

என்ட்ரி பெர்மிட் வந்தால் 60 நாளுக்குள்ள உள்ளே நுழையணும். அதனால காகிதம் தயாராகும் முன்னாடி அதை எடுக்க விடாதீங்கன்னு முதல்லயே சொன்னேன்.

மீனாட்சி ஷார்ஜா

கிளம்புற நேரத்தில் கேக்க மறந்துடும், இப்பவே சொல்லிடுறேன். பெட்டியில் கசகசா வைக்காதீங்க. அம்மா குருமாவுக்குன்னு ஒரு பொட்டலம் மடிச்சு வைப்பாங்க. இங்க அது தடை செஞ்ச பொருள், அதுக்காக ஜெயிலுக்குப் போனவங்க இருக்காங்க. மசாலாப் பொடி வீட்டில் அரைச்சதுன்னா அதில் கசகசா சேர்த்தாங்களான்னும் கேளுங்க. ட்ரமடால், கோடீன் உள்ள மாத்திரை, இருமல் டானிக் எதுவும் சும்மா கொண்டு வரக்கூடாது. உண்மையிலேயே தேவைன்னா டாக்டர் சீட்டு வச்சு இங்க சுகாதார அமைச்சகத்துல ஆன்லைன்ல முன்அனுமதி வாங்கணும்.

நெறியாளர்

கசகசா பேச்சு தனியாக ஓட ஆரம்பித்தால் சமையல் பகுதிக்கு மாற்றிவிடுவேன். ஏஜென்ட் பெயர், போன் நம்பர் யாரும் இங்கே போட வேண்டாம். பாஸ்போர்ட் படத்தை ஒருவர் ஏற்றியிருந்தார், எடுத்துவிட்டேன்.

பொதிகைச்சாரல்

புரிந்தது. நான் செய்யப்போவது: ஆதார், பிறகு பாஸ்போர்ட், புது பாஸ்போர்ட் வந்ததும் கல்யாணப் பதிவு. இதற்கிடையில் பல்கலைக்கழகத்தில் உண்மைத்தன்மைச் சான்றுக்கும் டூப்ளிகேட் பட்டத்துக்கும் விண்ணப்பம். எச்.ஆர்-க்கு மெயில் அனுப்பிவிட்டேன், காத்திருப்பதாகப் பதில் வந்திருக்கிறது. ஏஜென்டிடம் செலவைப் பிரித்து எழுதிக் கேட்டேன். “நம்பிக்கை இல்லேன்னா விட்டுருங்க” என்றார். விட்டுவிட்டேன்.

டிராவல்ஸ்கடை

டூப்ளிகேட்டுக்கும் உண்மைத்தன்மைக்கும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். டூப்ளிகேட் வந்த பிறகு அதன் நகலை வைத்து உண்மைத்தன்மை கேளுங்கள். முத்திரை எந்தத் தாளில் விழப்போகிறதோ அந்தத் தாளின் எண்தான் எல்லாக் கடிதத்திலும் இருக்கணும்.

குளச்சல்காரன்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். குவைத்துக்கும் இதே வழிதானா? மெடிக்கல் துபாய் மாதிரி அங்கே போய்ச் செய்துகொள்ளலாமா?

தேராதுபாய்

டிகிரிக்கு வழி கிட்டத்தட்ட இதேதான், கடைசியில் குவைத் தூதரகம். மெடிக்கல் அப்படி இல்லை. அமீரகத்தில் இறங்கிய பிறகுதான் ரத்தமும் எக்ஸ்ரேயும் எடுப்பாங்க. குவைத்துக்கு ஊரிலேயே வாஃபித் (வளைகுடா நாடுகளின் மெடிக்கல் பதிவுத் தளம்) வழியா அப்பாயின்ட்மென்ட் எடுத்து, அவங்க சொல்ற சென்டரில் பாஸ் ஆகணும். போலீஸ் கிளியரன்ஸும் வேணும், பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய். அதை ரொம்ப முன்னாடி எடுத்து வச்சுடாதீங்க, விசா வர்றதுக்குள்ள காலாவதி ஆனதுன்னு திருப்பிடுவாங்க. உங்க பாஸ்போர்ட்டில் எத்தனை பெயர் இருக்கு?